மக்ரோனி எப்போது மலிவானது?

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு பிடி ஸ்பகெட்டி. பக்கத்து அடுப்பில் ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாகும் நான்கு பல் பூண்டு, கிள்ளிப் போட்ட ஒரு காய்ந்த மிளகாய். கால் மணி நேரத்துக்குள் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்துவிடலாம். செலவும் கையைக் கடிக்காது. இத்தாலியச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொன்றுதொட்டு வரும் ஏழை வீட்டுச் சாப்பாடு என்றே சொல்லி வருகிறார்கள். வீட்டில் மாவைத் தவிர வேறொன்றும் இல்லாத குடியானவப் பெண்கள் கண்டுபிடித்த உணவு என்பது அந்தக் கதையின் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. பாஸ்தா முதலில் கப்பலேறிய வணிகச் சரக்கு. பிறகு வசதி படைத்தவர்களின் பண்டம். அதன்பின் நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் ஏழைகள் காசு கொடுத்து வாங்கித் தின்ற உணவு. சாமானியர் வீட்டு அடுப்பில் அன்றாடம் அது வேகத் தொடங்கியது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதை மலிவாக்கியவை ஆலையும் அச்சும் கப்பலும் கடற்காற்றும். வீட்டுச் சமையலறைக்கு அது வந்து சேர்ந்தபோது மலிவு ஏற்கெனவே உருவாகியிருந்தது.

தொடக்கத்தைப் பார்ப்போம். அரபுப் புவியியலாளர் அல் இத்ரீஸி, சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் முடித்த நூலில், பலேர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரைப் பற்றி எழுதுகிறார். வற்றாத நீரோட்டத்தில் ஆலைகள் ஓடும் அந்த ஊரில் இத்ரியா என்ற மாவு இழைகளை ஏராளமாகச் செய்து, கலாப்ரியாவுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. 1279இல் ஜெனோவாவில் இறந்துபோன ஒரு படைவீரரின் உடைமைகளைப் பட்டியலிட்ட பத்திர எழுத்தர், ஒரு கூடை நிறைய மக்ரோனியையும் அதில் சேர்த்திருக்கிறார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து வெனிஸ் திரும்பியது 1295இல். ஆகவே அவர்தான் நூடுல்ஸைக் கொண்டுவந்தார் என்ற கதைக்கு இந்த ஒரு கூடையே பதில். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இறந்தவர் வீட்டுப் பட்டியலில் சொத்தாக எழுதி வைக்கும் அளவுக்கு அந்தக் கூடைக்கு மதிப்பு இருந்திருக்கிறது. உலர்ந்த பாஸ்தா கெட்டுப்போகாதது, எடை குறைந்தது, கடற்பயணத்துக்கு ஏற்றது. சிசிலியிலும் ஜெனோவாவிலும் அது வளர்ந்தது துறைமுகங்களின் தேவையால்.

அடுத்து வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அது பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பேர்போன சமையற்காரர் மார்த்தீனோ, சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார். மேலே சீஸ், வெண்ணெய், இனிப்பு வாசனைப் பொருட்கள். இரண்டு மணி நேரம் என்பதை வெறும் சமையல் குறிப்பாகக் கடந்துவிடக் கூடாது. காசு கொடுத்து விறகு வாங்குகிற நகரத்து ஏழைக்கு, ஒரு பானைத் தண்ணீரை அவ்வளவு நேரம் கொதிக்க விடுவது கட்டுப்படியாகிற காரியமல்ல. வாசனைப் பொருட்களின் விலை தனி. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சிசிலியிலேயே மக்ரோனியின் விலை ரொட்டியைப் போல மூன்று மடங்கு. நேப்பிள்ஸில் 1509இல் போட்ட ஓர் உத்தரவு இன்னும் தெளிவானது. போராலோ பஞ்சத்தாலோ பருவம் பொய்த்தோ மாவு விலை ஏறினால் இனிப்புப் பலகாரங்களோடு மக்ரோனியும் வெர்மிச்செல்லியும் செய்யக் கூடாது என்கிறது அது. பஞ்சம் வந்தால் முதலில் எதை நிறுத்துவார்கள்? இல்லாமலும் வாழ முடிகிற பண்டத்தைத்தான். அன்றைய நேப்பிள்ஸ் அதிகாரிகளின் கண்ணில் மக்ரோனி பலகாரப் பட்டியலில் இருந்தது. ரொட்டிதான் உயிர்காக்கும் உணவு.

அப்படியானால் திருப்பம் எங்கே? இந்தக் கேள்விக்கு இன்றும் ஆதாரமாக நிற்பது எமிலியோ செரேனி 1958இல் எழுதிய நீண்ட கட்டுரை. பாசிச ஆட்சியில் சிறையிருந்த கம்யூனிஸ்ட் அரசியல்வாதி அவர். வேளாண்மை வரலாற்றில் ஆழ்ந்த புலமை கொண்டவர். நேப்பிள்ஸ்காரர்களை மற்ற இத்தாலியர்கள் ஒரு காலத்தில் கீரை தின்னிகள் என்றுதான் கேலி செய்தார்கள். மக்ரோனி தின்னிகள் என்ற பட்டப்பெயர் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் கேலிப் பெயர் மாறியதன் பின்னால் உணவே மாறியிருக்கிறது என்பதை செரேனி ஆவணங்களோடு காட்டினார். அதுவரை நகர மக்களின் சாப்பாடு முட்டைக்கோசு வகைக் கீரைகளும் அவற்றோடு வேகும் கொஞ்சம் இறைச்சியும். ஸ்பானிய ராஜப்பிரதிநிதிகள் ஆண்ட காலத்தில் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து, 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நேப்பிள்ஸ் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் நகரமாயிற்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. அத்தனை பேருக்கும் இறைச்சி கொண்டுவர வழியில்லை. காய்கறித் தோட்டங்கள் இருந்த இடங்களை வீடுகள் விழுங்கின. வரிச்சுமையோ தாங்க முடியாதது; 1647இல் பழங்களின் மேல் போட்ட வரிதான் மசானியெல்லோவின் கலகத்தை மூட்டியது. இறைச்சியும் கீரையும் எட்டாமல் போன இடத்தில் கோதுமையும் துருவிய சீஸும் வந்து உட்கார்ந்தன. டூரம் என்னும் கெட்டிக் கோதுமையில் புரதம் அதிகம். சீஸோடு சேர்ந்தால் இறைச்சி விட்டுப்போன குறையை ஓரளவு ஈடுகட்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1656இல் வந்த கொள்ளைநோயில் நேப்பிள்ஸ் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நெருக்கடிதான் காரணமென்றால், ஆட்கள் குறைந்ததும் இறைச்சி மலிந்து மக்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டுமே? திரும்பவில்லை. பஞ்சத்தை மட்டும் காரணமாகச் சொல்லும் விளக்கம் இங்கே நின்றுவிடுகிறது. இந்த மறுப்பு என் வாதத்தை உறுதிப்படுத்துவதாகவே நான் கருதுகிறேன். நெருக்கடி கதவைத் திறந்தது. அது மறுபடி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவை, அதே நூற்றாண்டில் பட்டறைகளில் பரவிய பிசையும் பொறியும் பிழியும் பொறியும். ஜெனோவாவில் 1574இலும் நேப்பிள்ஸில் 1579இலும் பாஸ்தாத் தொழிலாளர் சங்கங்கள் விதிமுறைகளோடு இயங்கின. தொழில் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன. டூரம் ரவையைக் குறைந்த தண்ணீரில் பிசைந்தால் கல்லைப் போல் இறுகும். கையால் முடியாது என்று காலால் மிதித்திருக்கிறார்கள். நீண்ட மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சுவரோரம் பொருத்தி, மறுமுனையில் ஆட்கள் உட்கார்ந்து எழுந்து எழுந்து மாவை நசுக்கும் அமைப்பு அந்த வேலையைப் பெருமளவில் செய்ய வைத்தது. பிசைந்த மாவை உருளையில் அடைத்துத் திருகுப் பொறியால் அழுத்தினால், அடியிலுள்ள வெண்கல அச்சுத் தட்டின் துளைகள் வழியாக இழை இழையாக இறங்கும். நம் வீடுகளில் சேவை நாழியில் நடக்கிற அதே வேலைதான், பத்து மடங்கு பெரிதாக. ஆனால் ஒரு வேறுபாடு முழு வரலாற்றையும் பிரித்துவிடுகிறது. சேவையும் இடியாப்பமும் பிழிந்த அன்றே தின்று தீர்க்க வேண்டியவை, அதனால் உழைப்பு ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ளேயே செலவாகிறது. நேப்பிள்ஸ் மக்ரோனியை உலர்த்தினார்கள். உழைப்பை ஊரின் ஒரு மூலையில் ஒரே முறை செலவழித்து, பல மாதங்களுக்குச் சேமித்து வைக்க அவர்களால் முடிந்தது.

அந்த உலர்த்தும் கலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மலிவின் ரகசியம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. நேப்பிள்ஸ் வளைகுடாவில் இரண்டு ஊர்கள் இதில் பேர்பெற்றன. ஒன்று வெசூவியஸ் மலையடியில் கடலோரம் இருக்கும் தொர்ரே அன்னுன்சியாத்தா. மற்றொன்று லத்தாரி மலையடிவாரத்தில் நீராலைகள் நிறைந்த பள்ளத்தாக்கின் வாயில் இருக்கும் கிராஞானோ. பிழிந்த ஈர இழைகளை நாணல் கழிகளில் மடித்துத் தொங்கவிட்டு முதலில் வெயில் காட்டுவார்கள். மேற்புறம் காகிதம் போல் மொறமொறப்பானதும் எடுத்துக் குளிர்ந்த நிலவறைக்குள் கொண்டுபோவார்கள். அங்கே உள்ளே தங்கிய ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்குப் பரவி இழை மறுபடி வளையும். கடைசியாகக் காற்றோடும் கூடங்களில் நாட்கணக்கில், பருவத்தைப் பொறுத்து வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். அவசரப்பட்டு உலர்த்தினால் இழை வெடித்து, வேகும்போது தூள்தூளாகும். தாமதித்தால் புளித்துப் பூசணம் பிடிக்கும். மலைக்காற்று எப்போது கடற்காற்றாக மாறும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்த தலைமைத் தொழிலாளிக்குத்தான் ஊரில் மரியாதை. கிராஞானோவின் நடுத்தெருவே காற்றும் வெயிலும் தடையின்றி வரும்படி அமைந்தது. வீட்டு வாசல்தோறும் மக்ரோனி தொங்கும் பழைய புகைப்படங்கள் ஏராளம். கோதுமையும் உள்ளூரோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் உயர்ந்த பாஸ்தாவுக்குத் தேடப்பட்ட கோதுமை, ருஷ்யாவின் தாகன்ரோக் துறைமுகத்திலிருந்து கருங்கடல் வழியாக வந்தது. கூலி, கப்பல், காற்று ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால்தான் நேப்பிள்ஸ் மக்ரோனி ரொட்டியோடு போட்டியிடும் விலைக்கு இறங்கியது.

இறங்கிய பிறகும் அது நேராக வீட்டுக்குப் போகவில்லை என்பதுதான் பலரும் கவனிக்காத செய்தி. நேப்பிள்ஸ் ஏழைகள் குடியிருந்தவை பாஸ்ஸோ எனப்படும் தரைத்தள ஒற்றை அறைகள். கதவைத் திறந்தால் தெரு. பெரிய பானை வைத்து நீர் கொதிக்கவிட அங்கே இடமும் கிடையாது, விறகுக்குக் காசும் கிடையாது. தெருமுனையில் கரியடுப்பின் மேல் கொப்பரை வைத்து மக்ரோனி விற்றவரிடம், ஒரே நெருப்பு நூறு பேருக்கு உதவியது. 1787இல் நேப்பிள்ஸ் வந்த ஜெர்மன் கவிஞர் கதே, எல்லா இடத்திலும் மக்ரோனி மலிவாகக் கிடைப்பதையும், அதைப் பெரும்பாலும் வெறும் தண்ணீரில் வேகவைப்பதையும், மேலே துருவும் சீஸே கொழுப்பாகவும் சுவையாகவும் அமைவதையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பில் தக்காளி இல்லை. பாஸ்தாவுக்கும் தக்காளிக்கும் உள்ள உறவு அச்சேறியது அதற்குப் பிறகு. ஒரு நீண்ட இழையை விரல்களால் தூக்கி, தலையை அண்ணாந்து வாயில் இறக்கும் தெருவாசிகளின் படங்கள் 19ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் விற்றன. அவற்றை நம்பலாமா என்று கேட்பது நியாயம். வெளிநாட்டுப் பயணிகள் காசு கொடுத்து அப்படித் தின்னச் சொல்லிப் பார்த்தார்கள், புகைப்படக்காரர்களும் ஆட்களை நிறுத்தி வைத்தே எடுத்தார்கள். படங்கள் வேடிக்கைக்காக மிகைப்படுத்தின என்பதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் புகைப்படக் கருவி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே கதே எழுதியிருக்கிறார். வேடிக்கை காட்டக் காசு கேட்காத சாதாரண வியாபாரத்தைத்தான் அவர் விவரிக்கிறார். வேகும் நேரமும் இங்கேதான் சுருங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வாங்குகிறவர் காத்திருக்கும்போது இரண்டு மணி நேரம் வேகவைக்க எந்தத் தெரு வியாபாரியாலும் முடியாது. 19ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் சமையல் நூல்கள் பாஸ்தாவைச் சற்று விறைப்பாக இறக்கச் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

கிராமங்களை மறந்துவிட்டாயே என்று இங்கே ஒருவர் கேட்கக்கூடும். புலியா பகுதிப் பெண்கள் கட்டைவிரலால் அழுத்திச் செய்யும் ஓரெக்கியெத்தே, எமிலியாவில் முட்டை சேர்த்துத் தேய்க்கும் தல்யாத்தெல்லே ஆகியவை வீட்டுப் பாஸ்தா இல்லையா? வீட்டில் செய்தவைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் அறுவடை விருந்துக்கும் கல்யாணத்துக்கும் செய்தவை. இத்தாலிய நாடாளுமன்றம் யாச்சீனி தலைமையில் நடத்தி 1880களில் வெளியிட்ட பெரும் வேளாண் விசாரணை அறிக்கையைப் புரட்டினால், வடக்கே குடியானவர்கள் நாள் முழுவதும் மக்காச்சோளக் களி தின்று பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோயில் வீழ்ந்ததும், பல மலைப்பகுதிகளில் செஸ்ட்நட் கொட்டைமாவே உணவாக இருந்ததும் தெரிகிறது. கோதுமை விளைவித்தவர் அதைக் குத்தகைக்கும் வரிக்கும் அளந்துவிட்டு, தாழ்ந்த தானியம் தின்றார். ஆகவே கைப்பாஸ்தா எளிமையான உணவாக இருந்திருக்கலாம், மலிவான அன்றாட உணவாக அது இருந்ததில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாட்டி காலத்துக் கதை பிறக்கிறது.

வீட்டுக்குள் வந்த வழியை இனி வேகமாகச் சொல்லிவிடலாம். புவொன்விச்சீனோ கோமகன் இப்போலித்தோ கவல்காந்தி தம் சமையல் நூலில், நேப்பிள்ஸ் பேச்சுமொழியில் வீட்டுச் சமையலுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார். 1839 பதிப்பில் தக்காளி போட்ட வெர்மிச்செல்லி இடம்பெற்றது. வீடு என்று அவர் நினைத்தது சமையலறையும் வேலையாளும் இருந்த நடுத்தர வீடு. ஏழை வீடுகளில் மாற்றம் கடலுக்கு அப்பால் தொடங்கியது. 1880 முதல் 1915 வரை சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். நியூயார்க்கில் கூலி வாங்கிய கலாப்ரியாக்காரரால், ஊரில் திருநாளுக்கு மட்டும் கண்ட பாஸ்தாவை வாரத்தில் பல நாள் வீட்டிலேயே சமைக்க முடிந்தது. அமெரிக்க வேளாண் துறையின் மார்க் கார்ல்டன் ருஷ்யாவிலிருந்து கொண்டுபோன டூரம் விதைகள் டகோட்டா சமவெளியில் வேர்பிடித்தன. முதல் உலகப் போரில் கருங்கடல் வழி அடைபட்டு, இத்தாலிய ஏற்றுமதி தடுமாறியபோது அமெரிக்க ஆலைகள் அந்த இடத்தைப் பிடித்தன. இத்தாலியிலோ செயற்கை வெப்பத்தில் உலர்த்தும் அறைகள் 20ஆம் நூற்றாண்டில் பரவியதும் வெசூவியஸ் காற்றின் தனியுரிமை போயிற்று. 1933இல் பார்மாவின் பிரைபாந்தி நிறுவனம் கொண்டுவந்த தொடர் இயக்கப் பொறியில், ஒரு பக்கம் ரவையும் தண்ணீரும் போனால் மறுபக்கம் பாஸ்தா இடைவிடாமல் வந்தது. அதன் பிறகும் வெகுகாலம் கடைக்காரர் கண்ணாடி பதித்த இழுப்பறைகளிலிருந்து உதிரியாக அள்ளி நிறுத்து, தடித்த நீலத்தாளில் மடித்துத் தருவார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வருமானமும் எரிவாயு அடுப்பும் வந்த பிறகுதான் தினமும் பாஸ்தா என்பது நாடு முழுவதற்கும் வழக்கமாயிற்று. உலர்ந்த பாஸ்தாவை டூரம் ரவையில் மட்டுமே செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1967இல்.

இது இத்தாலிக்கு மட்டும் பொருந்துகிற வாதமா என்று சோதிக்க ஜப்பான் உதவுகிறது. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்த நாட்டில், ஒசாகா அருகே இகெதா என்ற ஊரில், தைவானில் பிறந்த மொமொஃபுகு அந்தோ தம் வீட்டுக் கொட்டகையில் நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டார். கொதிக்கும் எண்ணெயில் ஈரம் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகளாகும். பிறகு வெந்நீர் ஊற்றினால் அவற்றில் நீர் புகுந்து சில நிமிடங்களில் மென்மையாகிவிடும். 1958 ஆகஸ்ட் 25இல் விற்பனைக்கு வந்த அந்தப் பொட்டலம் 35 யென். அப்போது ஒரு பிடி புதிய உதோன் 6 யென்னுக்குக் கிடைத்தது. வறியவர்க்கென்று எண்ணிய உணவு, தொடக்கத்தில் வழக்கமான நூடுல்ஸைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு விலை! ஆலைகள் பெருகி, போட்டி வளர்ந்து, ஜப்பானியர் வருமானம் ஏறிய பிறகுதான் அது மாணவர்களின் மாதக் கடைசிச் சாப்பாடாயிற்று. வாங்குகிறவர் மிச்சப்படுத்தியது முதலில் நேரத்தை, பணத்தை வெகு காலம் கழித்து. நேப்பிள்ஸில் நூற்றாண்டுகள் எடுத்த பயணம் இங்கே சில ஆண்டுகளில் முடிந்தது, வரிசை மட்டும் மாறவில்லை.

வீட்டில் சமைத்தவர்களுக்கு இந்த வரலாற்றில் பங்கே இல்லையா என்ற மறுப்பு மிச்சமிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆலையை மட்டும் புகழ்ந்து அடுப்படியை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகும். அவர்கள் செய்தது மலிவை நீட்டித்தது. நேற்று மிஞ்சிய ஸ்பகெட்டியை முட்டையில் புரட்டி, தடிமனான அடை போல இருபுறமும் சிவக்கப் பொரித்து, வேலைக்குப் போகிறவர் கையில் துண்டாகக் கொடுத்தனுப்பினார்கள். உதிரியாக விற்ற காலத்தில், இழுப்பறைகளின் அடியில் தங்கிய உடைந்த துண்டுகளைக் கடைக்காரர்கள் ஒன்றாகக் கொட்டிக் குறைந்த விலைக்குத் தருவார்கள். நீள்குழல், சிறுகுழல், ஸ்பகெட்டி முனைகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வேகும். தனியே வடித்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். நேப்பிள்ஸ் பெண்கள் அதைத் தனியே வடிக்கவில்லை. மொச்சை இனப் பயறோ உருளைக்கிழங்கோ வெந்துகொண்டிருக்கும் சாற்றிலேயே துண்டுகளைப் போட்டு, கரைந்த மாவே குழம்பைக் கெட்டியாக்கும்படி கிளறி இறக்கினார்கள். குழைந்தது குழம்பாயிற்று, விறைத்தது கடிபடுவதற்கு நின்றது. ஒரே பானை, ஒரே நெருப்பு, வடித்துக் கொட்டுகிற தண்ணீரும் இல்லை. பொட்டலங்கள் வந்து உடைந்த துண்டுகள் கடைகளில் கிடைக்காமல் போனபோதும் அந்தக் குழம்பை அவர்கள் விடவில்லை. பாஸ்தா மிஸ்தா என்ற பெயரில், பல வடிவங்களை வேண்டுமென்றே கலந்து, ஆலைகள் இன்று அவர்களுக்காகவே பொட்டலம் போடுகின்றன.